நான் வரைந்த கதவுகள் யாருக்குச் சொந்தம்?

புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து ஒரு வாசகி ஐந்து பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, கேள்விக்கு வேண்டிய அளவில் மட்டும் அதைச் சுருக்கித் தருகிறேன்.

ஒன்பது ஆண்டுகள் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்த இவர், நான்கு ஆண்டுகளுக்கு முன் வேலையை விட்டுவிட்டு, நோட்டுப் புத்தகம், அஞ்சலட்டை, லெட்டர்பேடு, நாட்காட்டி, பரிசுப் பொருள் சுற்றும் ரேப்பர் தாள் ஆகியவற்றைத் தாமே வரைந்து தம் பெயரில் விற்கத் தொடங்கினார். அட்டைகள் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் அச்சாகின்றன. தையலையும் பைண்டிங்கையும் இவருடைய தெருவிலேயே இரண்டு பெண்கள் வீட்டில் இருந்தபடி செய்து கொடுக்கிறார்கள். இரண்டரை ஆண்டுகளுக்கு முன், ஒயிட் டவுனில் உள்ள ஒரு பரிசுப் பொருள் கடை இவருடைய சரக்கை வைத்து விற்க முன்வந்தது. விற்ற பிறகு பணம், விலையில் நூற்றுக்கு நாற்பது கடைக்கு என்பது பேச்சு. எழுத்தில் எதுவும் இல்லை. புதுச்சேரி வீடுகளின் பழைய கதவுகளை நீர்வண்ணத்தில் வரைந்து இவர் வெளியிட்ட ஐந்து நோட்டுப் புத்தகங்கள் அங்கே நன்றாக விற்றன. கடந்த ஒன்பது மாதங்களாகப் பணம் வரவில்லை. இவர் கணக்குப்படி நிலுவை 1,84,000 ரூபாய். கடந்த டிசம்பரில் அதே கடையின் அதே அலமாரியில், மலிவான தாளில், கடையின் பெயர் போட்டு, அதே ஐந்து கதவுகளுடன் நோட்டுப் புத்தகங்களும், இவருடைய புள்ளிக்கோலத் தாளை ஒத்த ரேப்பர் தாளும் இருப்பதைப் பார்த்திருக்கிறார். கேட்டதற்கு, "டிசைனுக்குக் காசு கொடுத்திருக்கிறோம், அது எங்களுடையது" என்று பதில் வந்திருக்கிறது. ஐந்தில் இரண்டு கதவுகள் கடைக்காரர் கேட்டு வரைந்தவை என்பதையும், அப்போது 6,000 ரூபாய் கூகுள் பே வழியாக வந்ததையும் வாசகியே மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

பதிப்புரிமையைப் பதிவு செய்யாததால் தமக்கு உரிமையே இல்லையா, காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாமா, இரண்டு நோட்டுகளையும் அருகருகே வைத்து இன்ஸ்டாகிராமில் படம் போடலாமா, அல்லது அண்ணன் சொல்வதுபோல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பள்ளி வேலைக்கே திரும்பிவிடலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் கதவுகளைப் பற்றி நான்கு பக்கம் இருக்கிறது. பணத்தைப் பற்றி ஆறு வரிதான். உங்கள் மனம் எங்கே காயப்பட்டிருக்கிறது என்பது அதிலேயே தெரிகிறது. வரைந்தவருக்கு வரைந்ததுதான் பெரிது. ஆனாலும் வழக்கறிஞன் என்ற முறையில் நான் அந்த ஆறு வரியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கையில் உள்ளவற்றில் மிக வலுவானது அதுதான். பைண்டிங் செய்யும் இரண்டு பெண்களுக்கும் கடலூர் அச்சகத்துக்கும் நீங்கள் கொடுக்க வேண்டியது அதற்குள்தான் சிக்கியிருக்கிறது.

முதலில் நிலுவைத் தொகை

வாய்ப்பேச்சு ஒப்பந்தம் செல்லாது என்று நினைத்து நீங்கள் தயங்குகிறீர்கள். அது சரியல்ல. வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தமே. அதை நிரூபிப்பதுதான் கடினம். உங்களுக்கு அந்தக் கடினமும் பெரிய அளவில் இல்லை. ஒவ்வொரு முறை சரக்குக் கொடுத்தபோதும் எண்ணிக்கையை எழுதி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருக்கிறீர்கள், கடையிலிருந்து "வந்துவிட்டது" என்று பதில் வந்திருக்கிறது, முதல் ஒன்றரை ஆண்டு மாதாமாதம் வங்கிக் கணக்கில் பணம் வந்திருக்கிறது, கடைசியாக "ஜனவரியில் மொத்தமாகத் தருகிறேன்" என்ற செய்தியும் இருக்கிறது. இவை எல்லாம் சேர்ந்தால் ஒரு நல்ல ஒப்பந்தப் பத்திரத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். அந்தக் கைப்பேசியை மாற்றாதீர்கள், விற்காதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள். மின்னணுப் பதிவுகளை நீதிமன்றத்தில் வைக்க, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்று இணைக்க வேண்டும். மூலக் கருவி கையில் இருந்தால் அந்தச் சான்று தருவது எளிது.

வங்கிக் கடனுக்காகப் பதினான்கு மாதங்களுக்கு முன் உத்யம் என்ற சிறுதொழில் பதிவு செய்ததாகப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரி மிக முக்கியமானது. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006இன்படி, குறு நிறுவனத்திடம் பொருள் வாங்கியவர் எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் பொருளை ஏற்ற நாளிலிருந்து 15 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் தவணை வைக்க முடியாது. தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இதற்கென உள்ள வசதியாக்க கவுன்சிலில் 18ஆம் பிரிவின்கீழ் இணையவழியிலேயே மனுச் செய்யலாம். வாங்கியவர் எந்த ஊரில் இருந்தாலும், மனு உங்கள் ஊர் கவுன்சிலுக்குத்தான் போகும். கவுன்சில் உங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தால், அதை எதிர்த்துப் போக விரும்பும் கடைக்காரர் தொகையில் 75 விழுக்காட்டை முதலில் கட்ட வேண்டும். சின்ன வியாபாரிக்காக எழுதப்பட்ட சட்டங்களில் இவ்வளவு பல்லுள்ளது வேறொன்று எனக்குத் தெரியாது.

இதில் இரண்டு எச்சரிக்கைகள். பதிவுக்குப் பிறகு நடந்த வழங்கலுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் சொல்லியிருக்கிறது. உங்கள் நிலுவை ஒன்பது மாதத்தது என்பதால் அது பதிவுக்குப் பிந்தியதாகவே தெரிகிறது. இருந்தாலும் எந்தச் சரக்கு எந்தத் தேதியில் போனது என்று தனித்தனியாகப் பிரித்து எழுதுங்கள். அடுத்து, "நான் வாங்கவே இல்லை, விற்றுக் கொடுத்தேன், அவ்வளவுதான்" என்று கடைக்காரர் சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால் கவுன்சிலில் ஒரு வாதம் எழும் என்பது உண்மை. ஆனால் அதே வார்த்தையால் அவர் தம்மை உங்கள் முகவராக ஒப்புக்கொள்கிறார். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 213, 218ஆம் பிரிவுகளின்படி முகவர் கேட்டபோது கணக்குக் காட்ட வேண்டும், உங்கள் சார்பில் பெற்ற பணத்தைத் தம் கழிவு போக உங்களிடம் தர வேண்டும். விற்காமல் இருக்கும் சரக்கும் உங்களுடையதாகவே இருக்கும். ஆகையால் அவர் எந்தக் கதவு வழியாகப் போனாலும் கணக்குக் கொடுத்தே ஆக வேண்டும். விற்காத நோட்டுகளை எண்ணித் திருப்பித் தரும்படி இந்த வாரமே எழுத்தில் கேளுங்கள். சிவில் வழக்குக்கு மூன்று ஆண்டுக் காலவரம்பு உண்டு. அது நெருங்கும்வரை காத்திருக்க எந்தக் காரணமும் இல்லை.

ஐந்து கதவுகளும் ஒரே நிலையில் இல்லை

பதிவு செய்யவில்லை என்பதால் பதிப்புரிமை இல்லாமல் போகாது. பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி, நீங்கள் சொந்தமாக வரைந்த ஓவியம் தாளில் உருப்பெற்ற கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. அது உங்கள் வாழ்நாள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். பதிவு என்பது விருப்பத்துக்கு உட்பட்டது. வழக்கு வந்தால் பதிவேடு முதல்நிலைச் சான்றாக நிற்கும் என்பதே அதன் பயன். ஓவியங்களை உறையில் இட்டு உங்களுக்கே பதிவுத் தபாலில் அனுப்பிப் பிரிக்காமல் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படிச் செய்தால் பதிப்புரிமை கிடைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். சட்டத்தில் அப்படி ஒரு வழி கிடையாது. அந்தத் தேதியில் ஓவியம் உங்களிடம் இருந்தது என்பதற்கு ஒரு துணைச் சான்றாக வேண்டுமானால் அது உதவும். உங்கள் ஸ்கெட்ச் புத்தகமும், முதல் வரைவுகளும், அச்சகத்தின் ப்ரூஃப் தாள்களும் அதைவிட மேலான சான்றுகள்.

இனி உங்களுக்குக் கசப்பான பகுதிக்கு வருகிறேன். "வரைந்தது நான், ஆகவே ஐந்தும் என்னுடையவை" என்ற உங்கள் வாக்கியம் முழுவதும் சரியல்ல. 17ஆம் பிரிவு, படைத்தவரே முதல் உரிமையாளர் என்று தொடங்குகிறது. ஆனால் அதன் (ஆ) உட்பிரிவு, ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் பணத்துக்காக வரையப்பட்ட வண்ண ஓவியத்துக்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், கேட்டவரே முதல் உரிமையாளர் என்கிறது. நீங்களாகவே வரைந்த முதல் மூன்று கதவுகளுக்கு இது பொருந்தாது. அவை சந்தேகமின்றி உங்களுடையவை. கடைக்காரர் கேட்டு வரைந்த கடைசி இரண்டுக்கும், அவை நீர்வண்ண ஓவியங்கள் என்பதால், இந்த விதி பொருந்தும் வாய்ப்பு உண்டு. எல்லாம் அந்த 6,000 ரூபாய் எதற்காக வந்தது என்பதில் அடங்கியிருக்கிறது. நீங்கள் இணைத்திருக்கும் செய்தி, "கதவு சீரிஸுக்கு அட்வான்ஸ் அனுப்பியிருக்கிறேன்" என்கிறது. வரப்போகும் நோட்டுப் புத்தகச் சரக்குக்கான முன்பணம் என்றும் அதைப் படிக்கலாம், ஓவியத்துக்கான கூலி என்றும் படிக்கலாம். அதற்கடுத்த மாதக் கணக்கில் அந்த 6,000 கழிக்கப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். கழிக்கப்பட்டிருந்தால் அது சரக்கின் முன்பணம். ஓவியத்துக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை என்று நாம் உறுதியாகச் சொல்ல முடியும். கழிக்கப்படவில்லை என்றால், அந்த இரண்டு கதவுகளின்மீது பிடிவாதம் பிடிக்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. அப்போதும் 57ஆம் பிரிவின்படி, அவற்றை வரைந்தவர் நீங்கள் என்று உரைக்கும் உரிமையும், உங்கள் மதிப்பைக் கெடுக்கும்படி அவற்றைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையும் உங்களிடமே இருக்கும்.

உரிமை எதன்மீது என்பதிலும் தெளிவு வேண்டும். மஞ்சள் சுவர், நீலக் கதவு, மேலே படர்ந்த காகிதப்பூ ஆகியவை யாருக்கும் தனிச்சொத்து அல்ல. கருத்துக்கும் பொருளுக்கும் பதிப்புரிமை கிடையாது, அவற்றை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. நாளை வேறொரு ஓவியர் அதே வீட்டின் முன் நின்று அதே கதவைத் தம் கையால் வரைந்தால் நீங்கள் அவரைத் தடுக்க முடியாது. அதேபோல், வீட்டு உரிமையாளர்களிடம் அனுமதி வாங்காததால் உங்கள் ஓவியங்களே செல்லாது என்று கடைக்காரர் மிரட்டியதற்கும் பயப்பட வேண்டாம். கட்டடத்தை வரைவதும் அதை வெளியிடுவதும் உரிமை மீறல் ஆகாது என்று 52ஆம் பிரிவு விலக்களித்திருக்கிறது.

உங்கள் வழக்கில் நடந்திருப்பது நகல் என்பதற்கு நீங்களே ஒரு அருமையான சான்றைக் கொடுத்திருக்கிறீர்கள். மூன்றாவது கதவில் கீழ்க் கீலைத் தவறுதலாக எதிர்ப்பக்கத்தில் வரைந்துவிட்டு, பிறகு அழகாக இருக்கிறதென்று விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கடையின் நோட்டிலும் கீல் அதே எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. உண்மையான கதவைப் பார்த்து வரைந்தவர் அந்தப் பிழையைச் செய்திருக்க மாட்டார். நகல் வழக்குகளில், இரண்டிலும் ஒன்றுபோல் இருக்கும் பிழையைப்போல் பேசும் சாட்சி வேறில்லை. அந்த நோட்டில் ஐந்து வகையிலும் இரண்டிரண்டு பிரதிகளை, வேறொருவர் மூலமாக, ரசீதுடன் விலைக்கு வாங்கி வையுங்கள். அந்த வீட்டுக் கதவையும் தேதி தெரியும்படி புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அச்சகத்தாரைக் குற்றம் சொல்லும் முன்

கடலூர் அச்சகத்திலிருந்துதான் ஃபைல் போயிருக்கும் என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். நான்கு ஆண்டுகளாக உங்களுக்கு 300, 500 என்று சின்னச் சின்ன எண்ணிக்கையில் அச்சிட்டுக் கொடுத்தவர் அவர். பெரிய எண்ணிக்கைக்காக இயங்கும் இயந்திரத்தில் பிளேட் ஏற்றி 300 அட்டைக்காக நிறுத்துவது அவருக்கு இழப்பு என்பது உங்களுக்கே தெரியும். அப்படிப்பட்டவர்மீது சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்லும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். அச்சகங்களில் புள்ளி பார்க்கப் பயன்படுத்தும் லென்ஸை வாங்கி, இரண்டு அட்டைகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். ஆஃப்செட் அச்சில் நான்கு நிறங்களும் சிறு சிறு புள்ளிகளாக விழுந்திருக்கும். அச்சான உங்கள் அட்டையையே ஸ்கேன் செய்து மறுபடி அச்சிட்டிருந்தால், பழைய புள்ளிகள் புதிய புள்ளிகளோடு மோதி, அலை அலையான ஒரு பின்னல் தெரியும். மெல்லிய கோடுகள் மங்கிப் பருத்திருக்கும். அப்படி இருந்தால் அச்சகத்தாருக்கு இதில் பங்கில்லை என்று பெரும்பாலும் முடிவு செய்துவிடலாம். கோடுகள் உங்கள் அட்டையில் உள்ளதைப்போலவே கூர்மையாக இருந்தால் மூல ஃபைல் வெளியே போயிருக்கலாம். அப்போதுகூட, கடையின் வாசல் பலகைக்காகச் சென்ற ஆண்டு நீங்களே அந்த ஃபைலைக் கடைக்கு மின்னஞ்சலில் அனுப்பியதாகக் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. அந்த மின்னஞ்சலைத் தேடி எடுங்கள். பலகைக்காக மட்டும் என்று அதில் எழுதியிருந்தால் அது உங்களுக்குச் சாதகமான ஆவணமாகிவிடும்.

ரேப்பர் தாளின் சிக்கல்

கோலத்தைப் பொறுத்தவரை இரண்டு தடைகள் இருக்கின்றன. வழிவழியாக வாசலில் போட்டுவரும் புள்ளிக்கோலம் எவருக்கும் உரியதல்ல. நீங்கள் அதில் சேர்த்த அமைப்பும் நிறமும் மாற்றமும் மட்டுமே உங்களுடையவை. இரண்டாவது தடை கடுமையானது, காகிதத்தில் தொழில் செய்யும் பெரும்பாலானவர்களுக்கு அது தெரிவதில்லை. வடிவமைப்புகள் சட்டம், 2000இன்கீழ் பதிவு செய்யத்தக்க ஒரு வடிவமைப்பைப் பதிவு செய்யாமல், ஒரு பொருளின்மீது தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் உரிமையாளரே உருவாக்கிவிட்டால், அந்த வடிவமைப்பின்மீதான பதிப்புரிமை அத்துடன் முடிந்துவிடும் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 15(2) பிரிவு. திரும்பத் திரும்ப வரும் அலங்காரப் பாணியாக நீங்கள் 1,000 தாள் அச்சிட்ட ரேப்பருக்கு எதிராக இந்த வாதம் வருவது நிச்சயம். மெத்தை, இருக்கைத் துணிகளில் அச்சிட்ட ஓவியப் பாணிகளைப் பற்றிய மைக்ரோஃபைபர்ஸ் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இருவர் அமர்வு 2009இல் இந்த வழியில்தான் தீர்ப்பளித்தது: மூல ஓவியத்துக்குப் பதிப்புரிமை உண்டு, அதைத் தொழில்முறையில் துணியில் ஏற்றியபின் அந்தத் துணியின் வடிவமைப்புக்கு இல்லை. உச்ச நீதிமன்றமும் 2025 ஏப்ரலில் கிரையோகேஸ் வழக்கில் ஓவியத்துக்கும் வடிவமைப்புக்கும் இடையிலான எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்று விரிவாக ஆராய்ந்திருக்கிறது.

கதவுகளுக்கும் இதே வாதம் வருமா என்று கேட்பீர்கள். வரலாம், ஆனால் அங்கே நம்மிடம் நல்ல பதில் இருக்கிறது. புத்தக உறை, நாட்காட்டி, வாழ்த்து அட்டை, அஞ்சலட்டை போன்றவை அடிப்படையில் இலக்கிய, கலைத் தன்மை உள்ளவை என்பதால் வடிவமைப்பாகப் பதிவு செய்யத்தக்கவை அல்ல என்பதே வடிவமைப்புப் பதிவகத்தின் நடைமுறை. பதிவு செய்ய முடியாத ஒன்றுக்கு 50 பிரதி விதியும் பொருந்தாது. உங்கள் கதவுகள் முதலில் அஞ்சலட்டைகளாக வந்து பிறகே நோட்டு அட்டைக்குப் போயின என்பதும், நோட்டு அட்டையிலும் அவை தனி ஓவியமாகச் சட்டமிட்டு நிற்கின்றன, பொருளை அலங்கரிக்கும் பாணியாக இல்லை என்பதும் நமக்கு உதவும். ஆகையால் வழக்கைக் கதவுகளின்மீது, அதிலும் முதல் மூன்றின்மீது நிறுத்துங்கள். ரேப்பர் தாளை நோட்டீஸில் சேர்க்க வேண்டாம். பலவீனமான கோரிக்கை ஒன்றைச் சேர்த்தால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றையும் அசைக்கும்.

இனி வரைகிற ரேப்பர் பாணிகளையும், புதுவிதமான உறை அமைப்புகளையும், மடிப்புப் பெட்டிகளையும் வெளியிடும் முன் வடிவமைப்பாகப் பதிவு செய்யலாம். விண்ணப்பக் கட்டணம் உங்களைப் போன்றவர்களுக்கு 1,000 ரூபாய். பாதுகாப்பு 10 ஆண்டுகள், மேலும் 5 ஆண்டுகள் நீட்டிக்கலாம். விண்ணப்பிக்கும் முன் எங்கும் வெளியாகியிருக்கக் கூடாது என்பதே நிபந்தனை. ஞாயிற்றுச் சந்தையில் ஒரு கட்டு விற்றாலோ, "விரைவில் வருகிறது" என்று இன்ஸ்டாகிராமில் ஒரு படம் போட்டாலோ புதுமை போய்விடும். எல்லாத் தாளுக்கும் இந்தச் செலவு தேவையில்லை. ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ நீண்ட நாள் ஓடும் என்று உங்கள் கைக்கே தெரியுமல்லவா, அவற்றுக்கு மட்டும் செய்யுங்கள்.

இன்ஸ்டாகிராமும் காவல் நிலையமும்

இரண்டும் இப்போது வேண்டாம். அருகருகே படம் போட்டு "திருட்டு" என்று எழுதினால், அவதூறு என்று உங்கள்மீதே புகார் வரலாம். பொது நன்மைக்காகச் சொன்ன உண்மை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தோளில் ஏறும். ஐந்தில் இரண்டு கதவுகள் யாருடையவை என்பதே தெளிவில்லாதபோது அந்தச் சுமையை ஏற்பது நல்லதல்ல. ஆதாரமற்ற மிரட்டலுக்கு ஆளானவர் அதை எதிர்த்தே வழக்குப் போடலாம் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 60ஆம் பிரிவும் சொல்கிறது.

பதிப்புரிமை மீறல் குற்றமும் ஆகும்: 63ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2,00,000 ரூபாய் வரை அபராதம். காவல்துறை நேரடியாக வழக்குப் பதியத்தக்க குற்றம் இது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் உறுதி செய்திருக்கிறது. அந்த வழி மூடிவிடவில்லை. ஆனால் பணமும் சரக்கும் கணக்கும் கலந்த ஒரு தகராறில் முதல் அடியாகக் காவல் நிலையத்துக்குப் போனால், "இது சிவில் விவகாரம்" என்ற பதிலோடு திரும்பி வரவே வாய்ப்பு அதிகம். அந்தப் பதிலைக் கடைக்காரர் தமக்குக் கிடைத்த வெற்றியாகக் காட்டிக்கொள்வார்.

செய்ய வேண்டியது ஒரு வழக்கறிஞர் நோட்டீஸ், இரண்டு பாகமாக. முதல் பாகம் கணக்கும் நிலுவையும் வட்டியும் திரும்ப வேண்டிய சரக்கும். இரண்டாம் பாகம், முதல் மூன்று கதவுகளைக் கொண்ட நோட்டுகளின் விற்பனையை நிறுத்துவது, எத்தனை அச்சிட்டார்கள், எத்தனை விற்றார்கள் என்ற கணக்கு, மீதியை ஒப்படைப்பது. பதில் திருப்தியாக இல்லையென்றால் பணத்துக்குக் கவுன்சிலில் மனு, கதவுகளுக்கு மாவட்ட நீதிமன்றத்தில் தடையாணை வழக்கு. 62ஆம் பிரிவின்படி நீங்கள் வசிக்கும் ஊரின் நீதிமன்றத்திலேயே அதைத் தொடுக்கலாம். மதிப்பு 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாத வணிக வழக்கு என்றால், அவசரத் தடை கேட்காதபோது, முதலில் சமரசப் பேச்சுக்குப் போவது கட்டாயம். சமரசம் உங்களுக்குத் தோல்வி என்று நினைக்காதீர்கள். நிலுவை முழுவதும் வந்து, மூன்று கதவுகள் கடையின் அச்சிலிருந்து நின்று, மற்ற இரண்டில் உங்கள் பெயர் அச்சாகும் என்றால், நான் உங்களைக் கையெழுத்திடச் சொல்வேன்.

நீதிமன்றம் போகும் முன் உங்கள் பக்கத்துக் கணக்கையும் ஒழுங்குபடுத்துங்கள். ஜிஎஸ்டி பதிவு இல்லை, விற்பனை குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். மஞ்சக்குப்பத்தில் இரண்டு கடைகளுக்கும் சரக்குப் போகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும் கடலூர், வரிச் சட்டத்தின் கண்ணுக்கு வேறு மாநிலம். வரியுள்ள பொருளை மாநிலம் கடந்து விற்றால், விற்பனை அளவு எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு வேண்டும் என்பது பொது விதி. நோட்டுப் புத்தகங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி இல்லை. நாட்காட்டிக்கும் வாழ்த்து அட்டைக்கும் ரேப்பருக்கும் உண்டு. கைவினைப் பொருட்களுக்குச் சில விலக்குகள் இருப்பதால், எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை ஒரு கணக்காளரிடம் இந்த மாதமே கேட்டுவிடுங்கள்.

பள்ளிக்குத் திரும்புவதா என்ற கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லை. ஆனால் இந்த ஊரில் எஸ்.வி. பட்டேல் சாலையில் 1959இலிருந்து பருத்தித் துணிக் கழிவைக் கூழாக்கிக் கையால் காகிதம் செய்துவருகிறார்கள். நல்ல தாளைத் தடவிப் பார்த்து வாங்கும் வாடிக்கையாளர்களை அந்த நீண்ட உழைப்பும் சேர்ந்தே வளர்த்திருக்கிறது. கடையின் மலிவு நோட்டு உங்கள் நோட்டின் இடத்தைப் பிடித்துவிடும் என்ற உங்கள் அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் நீங்களே அனுப்பிய கணக்கின்படி உங்கள் விற்பனையில் பாதிக்கு மேல் நேரடியாக வாங்குபவர்களிடமிருந்து வருகிறது. அவர்கள் உங்கள் பெயரைப் பார்த்து வாங்குகிறார்கள். அந்தப் பெயரை, காகிதப் பொருட்களுக்கான 16ஆம் வகுப்பில் வணிகச் சின்னமாகப் பதிவு செய்யுங்கள். இணையவழியில் விண்ணப்பிக்கத் தனிநபருக்குக் கட்டணம் 4,500 ரூபாய். புதுச்சேரிக்கு உரிய பதிவகம் சென்னையில் இருக்கிறது. முதல் மூன்று கதவுகளுக்குப் பதிப்புரிமைப் பதிவும் செய்துவிடலாம். பொருட்களில் பயன்படும் ஓவியம் என்பதால் ஒவ்வொன்றுக்கும் கட்டணம் 2,000 ரூபாய், வணிகச் சின்னப் பதிவகத்தின் தேடல் சான்றும் வேண்டும்.

நாட்காட்டி எழுத்துகளை வரைந்த மாணவி

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. நாட்காட்டியில் மாதப் பெயர்களையும் பழமொழிகளையும் அழகிய எழுத்தாக வரைந்து தந்தது ஒரு கல்லூரி மாணவி, அவருக்கு 1,500 ரூபாய் கொடுத்தீர்கள், இரண்டு ஆண்டுகளாக அதையே லெட்டர்பேடிலும் பயன்படுத்துகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கடைக்காரர் உங்களிடம் சொல்வதும் ஏறக்குறைய இதுதான்: காசு கொடுத்தேன், ஆகவே என்னுடையது. அவருக்காவது வண்ண ஓவியம் பற்றிய விதி துணைக்கு இருக்கிறது. எழுத்து வரைவுக்கு அந்த விதி பொருந்தாது. மாணவி உங்களிடம் சம்பளத்துக்கு வேலை செய்தவரும் அல்லர். எனவே அந்த எழுத்துகளின் பதிப்புரிமை இன்றுவரை அவரிடமே இருக்கிறது. நீங்கள் தெரிந்து செய்த தவறில்லை என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது.

அவரை நேரில் பார்த்துப் பேசுங்கள். எந்த எழுத்துகள், எந்தெந்தப் பொருளில் பயன்படுத்த, எத்தனை ஆண்டுக்கு, எந்தப் பகுதியில், எவ்வளவு தொகைக்கு என்று ஒரு பக்கத்தில் எழுதி, அவருடைய கையெழுத்தை வாங்குங்கள். காலம் குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை ஐந்து ஆண்டு என்றும், பகுதி குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளும். லெட்டர்பேடில் பயன்படுத்தியதற்குத் தனியாக ஒரு தொகை கொடுங்கள், அடுத்த நாட்காட்டியின் பின்பக்கத்தில் அவர் பெயரையும் அச்சிடுங்கள். கடைகளுக்குச் சரக்குக் கொடுக்கும்போதும் இனி இப்படி ஒரு பக்கம் போதும்: எண்ணிக்கை, விலை, கழிவு, கணக்குத் தேதி, திரும்பும் சரக்கு, ஓவியங்களின் பதிப்புரிமை உங்களிடமே என்ற ஒரு வரி, இரு தரப்புக் கையெழுத்து.

சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டு நாட்காட்டிகளின் மாதிரி ஆல்பங்கள் வந்துவிடும்; உங்கள் வேலையும் அதையொட்டித்தான் தொடங்கும் என்று நினைக்கிறேன். அதற்கு முன் அந்த மாணவியின் கையெழுத்து வந்துவிட வேண்டும். பத்திரத்தில் இரண்டு ஆண்டுக்கு முந்தைய தேதியைப் போடும்படி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். கையெழுத்திடும் நாளின் தேதியையே போடுங்கள். பழைய பயன்பாட்டுக்கும் இதன்மூலம் ஒப்புதல் தருகிறேன் என்று அவர் தம் கையாலேயே ஒரு வரி எழுதினால் போதும்.